கலிபோர்னியாவுக்குச் சென்று திரும்பும் கனேடிய அட்டைகள்

2021 மே மாதத்தில் ஒரு சிறிய கடதாசி அட்டை 37 இலட்சத்து 50 ஆயிரம் அமெரிக்க டொலர்களுக்குக் கைமாறியது. இரண்டரை அங்குல அகலமும் மூன்றரை அங்குல உயரமும் கொண்ட அந்த அட்டையில் இருப்பது வெய்ன் கிரெட்ஸ்கி என்ற ஐஸ் ஹொக்கி வீரரின் படம். 1979 ஆம் ஆண்டில் சூயிங்கம் பொதியோடு சேர்த்து, சில்லறைக் காசுக்குக் கனேடியச் சிறுவர்களுக்கு விற்கப்பட்ட அட்டை அது. அதே படத்தைக் கொண்ட, அதே ஆண்டில் அச்சிடப்பட்ட வேறு பல அட்டைகள் இன்னமும் கனேடியர்களின் வீடுகளில் இருக்கின்றன. அவற்றுக்குக் கிடைக்கக்கூடிய விலை இந்தத் தொகையுடன் ஒப்பிடவே முடியாத அளவுக்குச் சிறியது. வித்தியாசம் அட்டையைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் உறையிலும் அதன் மேற்பகுதியில் ஒட்டப்பட்டுள்ள சீட்டில் காணப்படும் 10 என்ற எண்ணிலும் இருக்கிறது. அந்த எண்ணை வழங்கியது கனடாவிலுள்ள எந்த நிறுவனமும் அல்ல. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் இயங்கும் பி.எஸ்.ஏ. என்ற நிறுவனமே அதை வழங்கியது.

ஹொக்கியைத் தமது தேசத்தின் ஆன்மாவாகக் கருதுபவர்கள் கனேடியர்கள். கிரெட்ஸ்கி ஒன்டாரியோ மாகாணத்தின் பிரான்ட்ஃபோர்ட் நகரில் 1961 இல் பிறந்தவர். அந்த அட்டையை வெளியிட்ட ஓ-பீ-சீ நிறுவனமும் அதே மாகாணத்தின் லண்டன் நகரில் இயங்கியது. ஆட்டமும் ஆட்டக்காரரும் அட்டையும் கனடாவுக்கு உரியவையாக இருந்தும், அட்டையின் பெறுமதியை நிரூபிப்பதற்கு எல்லை தாண்டிச் செல்லவேண்டியிருப்பது எவ்வாறு நேர்ந்தது என்பதே இக்கட்டுரையின் அக்கறை.

ஓ-பீ-சீ 1911 ஆம் ஆண்டில் மக்டேர்மிட் சகோதரர்களால் ஆரம்பிக்கப்பட்ட ஒரு மிட்டாய்க் கம்பனி. 1933 தொடக்கம் அது ஹொக்கி அட்டைகளை வெளியிட்டது. பின்னர் அமெரிக்காவின் டொப்ஸ் நிறுவனத்துடன் செய்துகொண்ட உடன்பாட்டின் அடிப்படையில், ஏறக்குறைய ஒரே வடிவமைப்பிலான அட்டைகளை இரு நிறுவனங்களும் இரு நாடுகளிலும் விற்பனை செய்தன. 1979-80 பருவகாலத்துக்கான டொப்ஸ் தொகுதியில் 264 அட்டைகள் இருந்தன. கனேடியத் தொகுதியிலோ 396 அட்டைகள். இரண்டிலும் கிரெட்ஸ்கியின் இலக்கம் 18 தான். கனேடிய அட்டையின் பின்புறத்தில் ஆங்கிலத்துடன் பிரெஞ்சு மொழியும் காணப்படும். இன்னொரு வித்தியாசமும் உண்டு. ஓ-பீ-சீ அட்டைகளின் தாள்கள் கூரிய அலகினால் அல்லாமல் கம்பியினால் வெட்டப்பட்டவை. எனவே ஓரங்கள் பிசிறு பிசிறாக இருக்கும். படம் நடுவில் அமையாமல் ஒரு பக்கம் ஒதுங்கி நிற்பதும் சாதாரணம். போதாக்குறைக்கு அந்த ஆண்டின் அட்டைகளுக்கு நீலநிற விளிம்பு கொடுத்திருந்தார்கள். நகம் பட்டாலே வெள்ளை தெரியும். சைக்கிள் சக்கரத்தின் கம்பிகளில் சொருகி ஓசை எழுப்புவதற்கு அட்டையைப் பயன்படுத்திய சிறுவர்களுக்கு இவையெல்லாம் ஒரு பொருட்டாக இருந்திருக்கப்போவதில்லை. ஆனால், பத்தில் பத்து பெறக்கூடிய அட்டை மிகவும் அரிதாகிப் போனதற்கு அந்தக் கம்பியே பிரதான காரணம். 2021 விற்பனை நடந்த வேளையில் அந்தத் தரத்தைப் பெற்ற கனேடியக் கிரெட்ஸ்கி அட்டைகள் இரண்டே இரண்டுதான் இருந்தன.

தரப்படுத்தல் என்ற தொழில் விளையாட்டு அட்டைகளில் இருந்து தொடங்கியதல்ல. அது நாணய வணிகத்தில் இருந்து வந்தது. தபால் மூலம் பழைய நாணயங்களை வாங்குபவர்கள், விற்பவரின் வாயால் சொல்லப்படும் தரத்தை நம்பி ஏமாறிய காலத்தில், டேவிட் ஹோல் என்ற அமெரிக்க வணிகரும் அவரது சகாக்களும் சேர்ந்து உருவாக்கிய நிறுவனம் ஒன்று 1986 இல் நாணயங்களைப் பரிசோதித்து, எண் கொடுத்து, பிளாஸ்டிக் உறையில் முத்திரையிட்டுத் திருப்பிக்கொடுக்க ஆரம்பித்தது. பொருளைக் காணாமலே வாங்கலாம், விற்கலாம் என்ற நிலை பிறந்தது. அதே ஏற்பாட்டை 1991 இல் விளையாட்டு அட்டைகளுக்கும் விஸ்தரித்தார்கள். அதுவே பி.எஸ்.ஏ. ஒன்றிலிருந்து பத்து வரையிலான தரம், உடைக்காமல் திறக்கமுடியாத உறை, ஒவ்வோர் அட்டைக்கும் ஒரு சான்றிதழ் இலக்கம். இவ்வளவுதான் அவர்களது வியாபாரம்.

பி.எஸ்.ஏ. தரப்படுத்திய முதலாவது அட்டையின் கதையிலும் கிரெட்ஸ்கி வருகிறார். 1988 ஆகஸ்ட் 9 ஆம் திகதி எட்மன்டன் அணி அவரை லொஸ் ஏஞ்சல்ஸ் அணிக்குக் கொடுத்தபோது கனடாவே துக்கம் அனுஷ்டித்தது என்று சொன்னால் மிகையாகாது. அந்தக் கைமாற்றத்தை அரசாங்கம் தடுத்துநிறுத்த வேண்டும் என்று பாராளுமன்ற உறுப்பினர் ஒருவர் கோரிக்கை விடுக்கும் அளவுக்கு நிலைமை போனது. அவ்வாறு கலிபோர்னியாவுக்குப் போன கிரெட்ஸ்கியும் லொஸ் ஏஞ்சல்ஸ் அணியின் அன்றைய உரிமையாளர் புரூஸ் மக்னோலும் 1991 இல் சோதபீஸ் ஏலத்தில் 4 இலட்சத்து 51 ஆயிரம் டொலர்கள் கொடுத்து, ஹோனஸ் வாக்னர் என்ற பேஸ்போல் வீரரின் நூற்றாண்டுப் பழைமையை நெருங்கிக்கொண்டிருந்த சிகரெட் அட்டை ஒன்றை வாங்கினர். பி.எஸ்.ஏ. அதற்கு 8 என்ற தரத்தை வழங்கியது. அந்த எண்ணுடன் அட்டை கைமாறிக் கைமாறி 2007 இல் 28 இலட்சம் டொலர்களை எட்டியது. 2013 இல் அதை ஒருகாலத்தில் வைத்திருந்த ஏல வணிகர் பில் மாஸ்ட்ரோ, அட்டையின் ஓரங்களைத் தானே கத்தரித்து ஒழுங்காக்கியதாக நீதிமன்றத்தில் ஒத்துக்கொண்டார். ஓரம் கத்தரிக்கப்பட்ட அட்டைக்குத் தர எண் வழங்கப்படக்கூடாது என்பதே இந்தத் தொழிலின் அடிப்படை விதி. முதலாவது சான்றிதழே தவறானது என்று அம்பலமான பிறகும் அந்தத் தொழிலுக்குக் கேடு எதுவும் நேரவில்லை. மாறாக, அது பன்மடங்கு வளர்ந்தது. நம்பகத்தன்மை என்பது சில வேளைகளில் சரியாக இருப்பதனால் அன்றி, எல்லோராலும் பயன்படுத்தப்படுவதனாலேயே நிலைக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

கனடாவிலும் அட்டைகளைத் தரப்படுத்தும் நிறுவனங்கள் இல்லாமல் இல்லை. அவர்களது கண்ணும் உருப்பெருக்கிக் கண்ணாடியும் கலிபோர்னியாக்காரர்களுடையவற்றுக்குக் குறைந்தவை என்று சொல்வதற்கும் காரணம் இல்லை. ஆனால், வாங்குபவர்களில் மிகப் பெரும்பாலானோர் அமெரிக்காவில் இருக்கிறார்கள். பெரிய ஏல நிறுவனங்களும் அங்கேயே இருக்கின்றன. அந்தச் சந்தை எந்தச் சீட்டை நம்புகிறதோ அந்தச் சீட்டுக்கே விலை. இரத்தினபுரியில் தோண்டியெடுக்கப்படும் நீலக்கல்லுக்கு ஜெனீவா ஏலத்தில் உரிய விலை கிடைக்கவேண்டுமானால் சுவிட்சர்லாந்து ஆய்வுகூடம் ஒன்றின் சான்றிதழ் தேவைப்படுவதைக் கண்டுவந்த எமக்கு இது புதுமையான சங்கதி அல்ல.

அட்டையை அனுப்பும் முறை சுவாரஸ்யமானது. முதலில் மெல்லிய பொலித்தீன் உறைக்குள்ளும், பிறகு அரைவிறைப்பான பிளாஸ்டிக் உறைக்குள்ளும் அட்டையை இடுவார்கள். இரண்டு காட்போட் மட்டைகளுக்கு நடுவில் அவற்றை வைத்துக் கட்டி, பெட்டிக்குள் அசையாதவாறு அடைத்து அனுப்புவார்கள். கூடவே ஒரு விண்ணப்பப் படிவம். அந்தப் படிவத்தில் ஒவ்வோர் அட்டைக்கும் எதிரே அதன் பெறுமதியைக் குறிப்பிட வேண்டும். சிக்கல் அங்கேதான் ஆரம்பமாகிறது. தரப்படுத்தும் கட்டணம் அந்தப் பெறுமதியை ஒட்டியே தீர்மானிக்கப்படுகிறது. எதிர்பார்த்ததை விட உயர்ந்த தரம் கிடைத்து அட்டையின் விலை எகிறிவிட்டால் மேலதிகக் கட்டணமும் அறவிடுவார்கள். திரும்பி வரும் வழியில் பொதி தொலைந்தால் காப்புறுதி கிடைப்பதும் அதே பெறுமதியைப் பொறுத்தே. சுங்க அதிகாரி பார்ப்பதும் பெறுமதியைத்தான். குறைத்து எழுதினால் தொலையும்போது நட்டம். கூட்டி எழுதினால் கட்டணமும் வரியும். உண்மையை எழுதலாம் என்றாலோ, உண்மையான பெறுமதி என்னவென்று அறிவதற்காகத்தானே அட்டையையே அனுப்புகிறார்கள்!

தெற்கு நோக்கிய பயணம் நீண்டகாலம் எளிதாகவே இருந்தது. சிறு பெறுமதிப் பொதிகளுக்கான அமெரிக்கத் தீர்வை விலக்கு 2016 இல் 200 டொலரில் இருந்து 800 டொலராக உயர்த்தப்பட்டது. சாதாரண சேகரிப்பாளர்களின் பொதிகள் பல கேள்விகேட்பார் இன்றியே உள்ளே போயின. வடக்கு நோக்கித் திரும்புவதே கஷ்டம். கனடாவில் தபால் மூலம் வரும் பொதிகளுக்கான விலக்கு வெறும் 20 கனேடிய டொலர். வட அமெரிக்க நாடுகளின் புதிய வர்த்தக உடன்படிக்கை நடைமுறைக்கு வந்த 2020 ஜூலை 1 தொடக்கம், அமெரிக்காவில் இருந்தும் மெக்சிகோவில் இருந்தும் தனியார் கூரியர் மூலம் வருபவற்றுக்கு மாத்திரம் வரிக்கு 40 டொலர், தீர்வைக்கு 150 டொலர் என்று எல்லை உயர்த்தப்பட்டது. ஒன்டாரியோ வாசி ஒருவரின் 1,000 டொலர் பெறுமதியான அட்டை இறக்குமதிப் பொருளாகக் கணிக்கப்பட்டால் 13 சதவீத விற்பனை வரியாக 130 டொலர்களை அவர் செலுத்தவேண்டும். தனது சொந்தப் பொருளைத் தானே திரும்பப் பெறுவதற்கு!

இதிலிருந்து தப்பிப்பதற்குச் சட்டத்தில் வழி இருக்கிறது. கனேடிய சுங்கத் தீர்வை அட்டவணையின் 9813 ஆம் பிரிவு, கனடாவில் உற்பத்தியாகி வெளியே சென்று திரும்பும் பொருட்களுக்கு விலக்கு அளிக்கிறது. ஆனால், அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. வெளிநாட்டில் இருந்த வேளையில் எந்தச் செய்முறையினாலோ வேறு வழியினாலோ பொருளின் பெறுமதி உயர்ந்திருக்கக்கூடாது, நிலை மேம்பட்டிருக்கக்கூடாது, வேறு பொருளுடன் இணைக்கப்பட்டிருக்கவும் கூடாது. மரத்தையும் இயந்திரத்தையும் துணியையும் மனதில் வைத்து எழுதப்பட்ட வாசகம் அது. தரப்படுத்தப்பட்ட அட்டையை அதில் எங்கே பொருத்துவது? கடதாசி அதே கடதாசி. அதன் மீது ஒரு துளி மையும் சேர்க்கப்படவில்லை. கலிபோர்னியாவில் அதற்குச் சேர்ந்தது ஓர் அபிப்பிராயமும் ஒரு பிளாஸ்டிக் உறையும். ஆனால், பெறுமதியை உயர்த்துவதைத் தவிர அந்தப் பயணத்துக்கு வேறு நோக்கமே கிடையாது. சேகரிப்பாளர்கள் ‘திரும்பி வரும் கனேடியப் பொருள்’ என்று பொதியின் மீது எழுதச் சொல்லி, அனுப்பிய பற்றுச்சீட்டையும் பத்திரப்படுத்தி வைத்துக்கொள்கிறார்கள். பொதியைக் கையாளும் அதிகாரி அதை ஏற்றுக்கொண்டால் உண்டு, இல்லையேல் வரியைக் கட்டிவிட்டுப் பின்னர் முறையீடு செய்யவேண்டும்.

வெளியே போன அட்டைதான் திரும்பி வந்திருக்கிறது என்று நிரூபிப்பதும் இலேசான காரியம் அல்ல. பெறுமதியான பொருட்களைக் கையோடு கொண்டுசெல்லும் பயணிகள் புறப்படும்போதே அவற்றின் தொடரிலக்கத்தைக் கனேடிய எல்லைச் சேவையிடம் பதிவுசெய்துகொள்ளும் வசதி இருக்கிறது. தொடரிலக்கம் இல்லாத பொருளின் மீது அதிகாரிகளே ஓர் அடையாளச் சீட்டை ஒட்டிவிடுவார்கள். 1979 ஆம் ஆண்டு அட்டையின் நீல விளிம்பில் ஒரு சுங்கச் சீட்டு ஒட்டப்படுவதைக் கற்பனை செய்து பாருங்கள். அதற்குப் பிறகு கலிபோர்னியாவுக்குப் போகவேண்டிய தேவையே இருக்காது.

டொரன்டோவில் வசிக்கும் எனது மைத்துனரின் மகன் ஒருவன் இந்த அட்டைகளில் பைத்தியமாக இருப்பவன். யாழ்ப்பாணத்தில் இருந்து போன குடும்பத்தில், பனிக்கட்டியின் மீது ஆடும் ஆட்டத்தை முழுமையாகத் தனதாக்கிக்கொண்ட முதல் தலைமுறை. அவன் சொல்லித்தான் இடைத்தரகர்களைப் பற்றி அறிந்துகொண்டேன். பல சேகரிப்பாளர்களின் அட்டைகளை ஒன்றாகத் திரட்டி, சுங்க ஆவணங்களைத் தாமே தயாரித்து அனுப்புவதும், தரப்படுத்தப்பட்டு வந்தவற்றைத் திரும்பப் பகிர்ந்து கொடுப்பதும் அவர்களது தொழில். இன்னும் சிலர் நயாகரா நதியைத் தாண்டிக் காரில் அமெரிக்கப் பக்கத்துக்குச் சென்று, அங்கிருந்து உள்நாட்டுத் தபாலில் அனுப்புவார்கள். எல்லையோர அமெரிக்க ஊர்களில் கனேடியர்களுக்குத் தபால் முகவரிகளை வாடகைக்கு விடும் கடைகள் இருப்பதால் திரும்பிவரும் பொதியையும் அங்கேயே பெற்றுக்கொள்ளலாம்.

2020 மார்ச் 21 இல் கொவிட் பெருந்தொற்று அந்த வழியை மூடியது. அத்தியாவசியமற்ற தரைவழிப் பயணங்கள் தடைசெய்யப்பட்டன. கனேடியர்கள் சாதாரணமாகக் காரில் அமெரிக்காவுக்குள் மீண்டும் நுழைய 2021 நவம்பர் 8 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அட்டைகளின் விலை வரலாறு காணாதவாறு ஏறியது சரியாக அந்தக் காலகட்டத்தில்தான் என்பது கவனிக்கத்தக்கது. வீட்டில் முடங்கிக்கிடந்தவர்கள் பரண்களில் கிடந்த பெட்டிகளைத் திறந்தார்கள். 2020 டிசம்பரில் 12 இலட்சத்து 90 ஆயிரம் டொலர்களுக்கு விலைபோன கிரெட்ஸ்கி அட்டை, பத்து இலட்சம் டொலரைத் தாண்டிய முதலாவது ஹொக்கி அட்டையானது. அதற்கு ஐந்து மாதங்கள் கழித்து நடந்ததுதான் நான் ஆரம்பத்தில் குறிப்பிட்ட விற்பனை. கலிபோர்னியாவில் அட்டைகள் மலையாகக் குவிந்தன. 2021 மார்ச் இறுதியில் பி.எஸ்.ஏ. தனது பெரும்பாலான சேவைகளை இடைநிறுத்தியது. முந்திய மூன்று மாதங்களில் வந்ததை விடவும் அதிகமான அட்டைகள் மூன்றே நாட்களில் வந்து சேர்ந்ததாக அதன் தலைவர் அப்போது கூறினார். மலிவான கட்டணத்தில் அனுப்பியவர்கள் ஒரு வருடத்துக்கும் மேலாகக் காத்திருந்தார்கள். அட்டைகள் திரும்பி வந்தபோது பலவற்றின் சந்தை விலை சரிந்துபோயிருந்தது. பத்துக்குப் பத்து பெற்ற நவீன அட்டைகள் சில, அவற்றின் தரப்படுத்தல் கட்டணத்தையும் தபால் செலவையும் கூட ஈடுசெய்யவில்லை.

பிறகு 2025 ஆகஸ்ட் 29 ஆம் திகதி, 800 டொலர் விலக்கை அமெரிக்கா எல்லா நாடுகளுக்கும் நிறுத்தியது. எவ்வளவு சிறிய பொதியானாலும் உள்ளே இருப்பது என்ன, அது எந்த நாட்டில் தயாரிக்கப்பட்டது என்று விபரம் சொல்லவேண்டிய நிலை தோன்றியது. ஓ-பீ-சீ கம்பனி 1996 இல் நெஸ்லேக்கு விற்கப்பட்டுவிட்டது. இன்றைய ஹொக்கி அட்டைகளை வெளியிடும் அப்பர் டெக் நிறுவனம் கலிபோர்னியாவின் கார்ல்ஸ்பாட் நகரில் இருக்கிறது. கலிபோர்னியாக் கம்பனியின் அட்டையைக் கனடாவில் வாங்கி, கலிபோர்னியாவுக்கே தரப்படுத்த அனுப்பும் ஒருவர், அதன் பிறப்பிடத்தைப் படிவத்தில் எழுதுவதற்கு அட்டையின் பின்புறத்தில் உள்ள பொடி எழுத்துக்களை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துத் தேடவேண்டியிருக்கிறது.

இந்த அலைச்சல் எதுவும் இல்லாமல் விலைபோன ஒரு சரக்கும் இருக்கிறது. சஸ்கச்சவான் மாகாணத்தின் ரெஜைனா நகரில் ஒரு வீட்டில், 1979-80 ஓ-பீ-சீ ஹொக்கி அட்டைகளின் பிரிக்கப்படாத மரபுப் பெட்டி ஒன்று கண்டெடுக்கப்பட்டது. அதனுள் 16 சிறு பெட்டிகள், பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட அட்டைகள். கணக்குப்படி பார்த்தால் இருபத்தைந்து கிரெட்ஸ்கியாவது உள்ளே இருக்கவேண்டும். அமெரிக்காவின் டலஸ் நகர ஏல நிறுவனம் ஒன்று 2024 பெப்ரவரியில் அதை 37 இலட்சத்து 20 ஆயிரம் டொலர்களுக்கு விற்றது. வாங்கியவர் ஒரு கனேடியர். உள்ளே எத்தனை பத்துகள் இருக்கின்றன, கம்பி எத்தனை ஓரங்களைப் பிசிறாக்கியிருக்கிறது என்று எவருக்கும் தெரியாத நிலையில், பெட்டி திறக்கப்படாமலேயே விற்பனையானது.