ஊமத்தம் புகை முதல் ஒரு வேளை இன்ஹேலர் வரை

மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டும் என்று மலர்க்குழு நண்பர்கள் கேட்டார்கள். நம் கல்லூரியின் வரலாற்றை எழுத என்னைவிட மூத்தவர்கள், அறிந்தவர்கள் நிறைய இருக்கிறார்கள். நான் எடுத்துக்கொண்டது, நம்மில் பலர் வீட்டு அலமாரியில் இருக்கும் ஒரு சின்னக் கருவியின் வரலாறு. அதுதான் இன்ஹேலர். "மெக்கானிக்கல் படிச்சவனுக்கு மருந்துக் கடையில என்ன வேலை?" என்று கேட்காதீர்கள். வால்வு, அழுத்தம், துகள் அளவு, காற்றோட்டம் என்று அதில் முக்கால்வாசி நம்ம சிலபஸ்தான்!

கதை நம் சென்னையைத் தொட்டே தொடங்குகிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை மருத்துவராகச் சென்னையில் இருந்தவர் ஜேம்ஸ் ஆண்டர்சன். சைதாப்பேட்டையில் சப்பாத்திக் கள்ளித் தோட்டம் போட்டவரும் அவரே. இங்கே இழுப்புக்காரர்கள் காய்ந்த ஊமத்தை வேரைப் புகைத்து மூச்சுத் தணிவதை அறிந்து, ஜெனரல் ஜென்ட் என்ற ராணுவ அதிகாரிக்கு அவர் அதைப் பரிந்துரைத்தார். ஜென்ட் 1802-இல் அந்த வழக்கத்தை பிரிட்டனுக்குக் கொண்டு போனார். பிறகு அதன் இனச்செடியின் இலைகளை அடைத்த 'ஆஸ்துமா சிகரெட்'டுகள் மேல்நாடுகளில் நூறாண்டுக்கு மேல் விற்பனையாயின.

ஊமத்தை எப்படிப்பட்ட செடி என்று நமக்குச் சொல்ல வேண்டுமா? சிவனுக்குச் சாத்தும் பூதான், ஆனால் வயிற்றுக்குள் போனால் வாய் வறண்டு, கண் மங்கி, நீர் கட்டிக்கொண்டு, புத்தி தடுமாறிவிடும். உயிரே போவதும் உண்டு. அதனால் இதைப் படித்துவிட்டு யாரும் கொல்லைப்புறம் போய்விட வேண்டாம்!

அதே செடி மூச்சுக்குழாயைத் திறப்பது ஏன்? விடை 1921-இல் பிறந்தது. தவளை இதயங்களை வைத்துச் சோதனை செய்த ஆட்டோ லோவி, நரம்பு தன் கட்டளையை ஒரு ரசாயனத்தின் மூலம் அனுப்புகிறது என்று காட்டினார். 1936-இல் ஹென்றி டேலுடன் சேர்ந்து நோபல் பரிசும் பெற்றார். அந்த ரசாயனம் அசிட்டைல்கோலின். மூச்சுக்குழாயைச் சுருக்குவது, எச்சில் சுரக்கச் சொல்வது, சிறுநீர்ப்பையை இயக்குவது எல்லாம் அதன் வேலை. ஊமத்தையில் உள்ள அட்ரோபின் அந்தக் கட்டளையை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி அடைத்துவிடுகிறது. மூச்சும் திறக்கும், நாக்கும் வறளும். நன்மையும் தொல்லையும் ஒரே வால்வில்!

அதற்குப் பின் நடந்ததெல்லாம், மருந்தைத் தேவையான இடத்துக்கு மட்டும் அனுப்பும் முயற்சிதான்.

முதலில் கருவி. 1955-இல் அமெரிக்காவில் ரைக்கர் நிறுவனத் தலைவர் ஜார்ஜ் மேசனிடம், ஆஸ்துமா உள்ள அவரது 13 வயது மகள், கூந்தலுக்கு அடிக்கும் ஸ்பிரே மாதிரி என் மருந்தும் டப்பாவில் வராதா என்று கேட்டாள். அதுவரை உடையும் கண்ணாடிக் குடுவையும் ரப்பர் பந்தும்தான். வாசனைத் திரவியத்துக்காகச் செய்த அளவு வால்வு ஒன்றைப் பொருத்தினார்கள். 1956-இல் விற்பனைக்கு வந்தது. எத்தனை முறை அமுக்கினாலும் ஒரே அளவு மருந்து என்பதே அதன் பெருமை. ஓசோன் படலத்தைக் கெடுத்த அதன் உந்து வாயு, 1987 மான்ட்ரியல் உடன்படிக்கைக்குப் பிறகு படிப்படியாக மாற்றப்பட்டது.

அடுத்தது மருந்து. 1970-களின் நடுவில் ஜெர்மனியில் இப்ராட்ரோபியம் வந்தது. அட்ரோபின் மூலக்கூறில் நிரந்தர மின்னூட்டம் ஒன்றை ஏற்றிவிட்டார்கள். மின்னூட்டம் உள்ளது கொழுப்புச் சவ்வை எளிதில் தாண்டாது. எனவே ரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு, மூளைக்கும் போகாது. ஒரே குறை, தினம் நான்கு வேளை போட வேண்டும். 2002-இல் டியோட்ரோபியம் விற்பனைக்கு வந்தது. நாளுக்கு ஒரு வேளை, கேப்சூலில் 18 மைக்ரோகிராம். ஒரு கிராமில் 55,000 வேளைக்கு மேல்! ஜென்ட் கப்பலேற்றியதற்கும் இதற்கும் இடையே சரியாக 200 ஆண்டுகள்.

இதெல்லாம் எனக்கெதற்கு என்றால், என் அம்மாவால்தான். பீடி, சிகரெட் எதையும் தொட்டதில்லை. முப்பது வருஷம் விறகடுப்பு ஊதியவர். சிஓபிடி என்றார் டாக்டர். தினமும் ஒரு கேப்சூல் எழுதிக் கொடுத்தார். பத்தாம் நாள் அம்மா நிறுத்திவிட்டார். "போட்டா மூச்சு ஒண்ணும் சட்டுனு விடலை தம்பி, நாக்குதான் மரக்கட்டையா வறளுது. எனக்கு வேண்டாம்டா."

அவரிடம் ஊமத்தைக் கதையைத்தான் சொன்னேன். "அம்மா, வாய் வறளுறது மருந்து வேலை செய்யற அதே வழியில வர்றதுதான். இது உடனே தணிக்கிற மருந்து இல்ல. தினமும் காவலுக்கு நிக்கிற மருந்து." மறுபடி டாக்டரிடம் போனோம். அடிக்கடி ஒரு வாய் தண்ணீர், சர்க்கரையில்லாத மிட்டாய், நாளாக நாளாகப் பலருக்கு இது குறையும் என்றார். திடீர்த் திணறலுக்கு சால்பியூட்டமால் தனியாகக் கொடுத்தார். அம்மா தொடர்ந்தார்.

காவல் என்று சும்மா சொல்லவில்லை. சுமார் 6,000 பேரிடம் நான்காண்டு நடந்த ஆய்வு 2008-இல் வெளியானது. நுரையீரல் தேய்மானத்தின் வேகத்தை டியோட்ரோபியம் குறிப்பிடத்தக்க அளவு குறைக்கவில்லை. ஆனால் திடீரென்று நோய் முற்றும் தடவைகள் குறைந்தன. அம்மாதிரி ஒவ்வொரு முற்றலும் பெரியவர்களைப் படுக்கையில் தள்ளக்கூடியது. பத்தே நாளில் நிறுத்துகிறவருக்கு இந்தப் பலன் கிட்டாது.

200 ஆண்டு உழைப்பின் கடைசி ஐந்து அங்குலம் நம் கையில் இருக்கிறது. மருந்துத் துகள் ஏறத்தாழ 1 முதல் 5 மைக்ரான். அதைவிடப் பெரியது, வளைவில் திரும்ப முடியாத லாரி மாதிரி தொண்டைச் சுவரில் மோதி அங்கேயே தங்கிவிடும். ஸ்பிரே வகையை மெதுவாக இழுத்து, முடிந்தால் பத்து வினாடி மூச்சை அடக்க வேண்டும். பொடி வகையை வேகமாக, ஆழமாக இழுக்க வேண்டும். கேப்சூலை விழுங்கவே கூடாது. பொடியைக் கண்ணில் படவிடக் கூடாது. ஸ்டீராய்டு கலந்த இன்ஹேலர் என்றால், வாயில் வெண்படலமும் குரல் கம்மலும் வராமலிருக்க, ஒவ்வொரு முறையும் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும். கிளாக்கோமாவோ பிராஸ்டேட் தொல்லையோ இருந்தால் முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். நீர் கட்டினாலோ, கண் வலித்து மங்கினாலோ உடனே போங்கள்.

மூத்த மாணவர் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். தொல்லை என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள். அளவையோ, கருவியையோ, மருந்தையோ மாற்ற வழியுண்டு. நீங்களாக நிறுத்தாதீர்கள். உங்கள் வகுப்புத் தோழர் யாராவது நிறுத்தியிருந்தால், இந்தப் பக்கத்தைக் காட்டி ஒரு வார்த்தை சொல்லுங்கள். அடுத்த கூடுகையிலும் எல்லோரும் வர வேண்டும், டிராயிங் ஹால் படியேறிப் பார்க்க வேண்டும். மெதுவாகத்தான் ஏறுவோமே, அவசரம் என்ன!