சரஸ்வதி: பெயர் வரலாறு
சரஸ்வதி கல்விக்கும் கலைகளுக்கும் உரிய இந்து சமயத் தெய்வம். வடமொழியில் ‘சரஸ்’ என்றால் நீர்நிலை. ‘வதி’ உடைமையைக் குறிக்கும் பெண்பால் விகுதி. ஆக, ‘நீர்நிலைகளை உடையவள்’ என்பதே நேர்ப்பொருள். ஏட்டுக்கும் வீணைக்கும் இப்பெயரில் இடமில்லை. இது முதலில் ஓர் ஆற்றின் பெயர்.

ரிக்வேதத்தின் 6ஆம் மண்டலத்து 61ஆம் பாடல் மலை முகடுகளை உடைத்துப் பாயும் வெள்ளமாக அவளைப் போற்றுகிறது. பழைய ஈரானிய மொழிகளில் சகரம் ஹகரமாகும். அதனால் அங்கே இதே பெயர் ‘ஹரஹ்வதி’ என வழங்கியது. டேரியஸ் மன்னனின் பெகிஸ்துன் கல்வெட்டு அதை ஒரு மாகாணமாகக் குறிக்கிறது. கிரேக்கர் அரக்கோசியா என்று அழைத்த அந்நிலம் இன்றைய காந்தகார்ப் பகுதி.

ஆறு சொல்லாக மாறியதுதான் இவ்வரலாற்றின் பெருந்திருப்பம். ரிக்வேதத்தின் 1ஆம் மண்டலத்திலேயே அவள் நல்லெண்ணங்களைத் தூண்டுபவள். வேள்விச் சடங்குகளை விளக்கும் பிராமண நூல்களோ ‘வாக்கே சரஸ்வதி’ என்று திரும்பத் திரும்பக் கூறுகின்றன. அவள் கரையில் வேள்வி வளர்த்து மந்திரம் ஓதியதால் நீரும் சொல்லும் ஒன்றாயின என்ற விளக்கம் ஏற்கத் தக்கது. விநசனம் என்னுமிடத்தில் ஆறு மணலுள் மறைவதைப் பஞ்சவிம்ச பிராமணம் குறிக்கிறது. அந்த ஆற்றைக் கக்கர்–ஹக்ரா ஆற்றோடு ஆய்வாளர் பலர் பொருத்துவர், மறுப்போரும் உளர். ஆறு மறைந்தும் பெயர் வாழ்ந்ததற்கு அது வாக்கின் பெயராகிவிட்டதே காரணம் எனலாம்.

கிடைத்துள்ள சரஸ்வதியின் மிகப் பழைய சிலைகளுள் ஒன்று மதுராவின் கங்காளி திலாவில் அகழ்ந்தெடுக்கப்பட்டது. லக்னோ அருங்காட்சியகத்தில் உள்ளது. ஒரு கொல்லர் நிறுவிய சமணச் சிலை அது, காலம் கி.பி. 132 எனக் கணிப்பர். தலை உடைந்துவிட்டது, வீணை இல்லை. குத்துக்காலிட்டு அமர்ந்தவளின் இடக்கையில் சுவடி மட்டும் இருக்கிறது. இத்தெய்வம் ஒரு சமயத்துக்கு மட்டும் உரியதன்று என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. பௌத்தத்தின் வழியே ஜப்பான் சென்று பென்சைதென் ஆனவளுக்குப் பீவா ஏரியின் சிகுபு தீவில் கோயில் உண்டு.

தமிழ் நாமகள், கலைமகள் என்று பெயரிட்டு வாக்கையும் கலையையுமே முன்னிறுத்தியது. மணிமேகலையில் ஆபுத்திரனுக்கு அமுதசுரபி வழங்கும் சிந்தாதேவியையும் இவளாகவே உரைகாரர் கொள்வர். கல்விச் செல்வத்தைத் தந்தவள் சோற்றுப் பாத்திரத்தையும் தந்தாள் என்பது அக்காப்பியத்துக்கே உரிய பெருமை. கூத்தனூரில் அவளுக்குத் தனிக்கோயில் இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டில் குமரகுருபரர் பாடிய சகலகலாவல்லி மாலை நவராத்திரி நாள்களில் இன்றும் ஓதப்படுகிறது.