ஊர்ச்சீட்டு இல்லாத கற்கள்

தஞ்சாவூர்ப் பக்கத்து வயற்காட்டில் பிறந்தவனுக்குக் கல் என்பது வெளியூர்ச் சரக்கு. அம்மி, ஆட்டுக்கல், சுமைதாங்கி எல்லாம் எங்கிருந்தோ வண்டியேறி வந்தவை. பெரிய கோயிலின் கருங்கல்லே அப்படித்தான். வல்லத்து மேட்டையும் அதன் கண்ணாடிக்கல்லையும் விட்டுவிட்டால், எங்கள் மண்வெட்டிகளுக்குக் கல் தட்டுப்பட்டதில்லை. வண்டல், அதன் கீழும் வண்டல்.

இதைச் சொல்லக் காரணம், நண்பர் ஒருவர். கவிதை எழுதுகிறவர். ட்ரைலோபைட் ஒன்றைத் தபாலில் வரவழைத்திருந்தார். உடல் நீளவாக்கில் மூன்றாகப் பிரிந்த, ஓடு போர்த்திய பழைய கடற்பிராணி அது. அழிந்து 25 கோடி ஆண்டுகளாகின்றன. உள்ளங்கையில் வைத்துக்கொண்டு பரவசப்பட்டார். எந்த ஊர்க் கல் என்று கேட்டேன். தெரியாது என்றார். தெரிந்து என்ன ஆகவேண்டும் என்றும் கேட்டார். அந்தக் கேள்விக்குத்தான் இந்தக் கட்டுரை.

காவிரிப் பக்கத்தில் ட்ரைலோபைட் கிடைக்காது. இந்தியாவில் அதற்கு ஸ்பிதி, காஷ்மீர் என்று இமயமலைப் பாறைகளுக்குப் போகவேண்டும். ஆனால் திருவையாறு தாண்டி, கொள்ளிடத்தைக் கடந்து, திருமானூர் வழியாக அரியலூர் போகிறவன் வேறொரு கடலுக்குள் இறங்குகிறான். ஏறக்குறைய 10 கோடி ஆண்டுகளுக்கு முன்பிருந்து, பல தடவை ஏறியும் வடிந்தும் கிடந்த கடல். ஊட்டத்தூர், காரை, கருடமங்கலம், கல்லங்குறிச்சி எங்கும் அதன் சிப்பிகள், நத்தைச் சுருளாய் அம்மோனைட்டுகள். குமரிக்கண்டத்துக்காகக் கண்ணீர் விடும் நம் பண்டிதர்களில் எத்தனை பேர், கடல் கொண்டதற்குப் பிரத்யட்ச சாட்சியாக நிற்கும் காரை ஓடைகளில் கால் வைத்திருப்பார்கள்? இலக்கியத்தில் மூழ்கிய கடல் போதும் நமக்கு.

இந்தக் கற்களை முதலில் முறையாகப் பொறுக்கியவர்கள் புவியியல்காரர்கள் அல்ல. சி. டி. கேய், புரூக் கன்லிஃப் என்ற இரண்டு சென்னை மாகாண சிவில் அதிகாரிகள். நம்மைப்போல் கோப்புகளோடு மாரடித்தவர்கள் (சம்பளம்தான் வேறு). 1840களின் தொடக்கத்தில் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சி ஆகிய மூன்று பக்கங்களிலும் சேகரித்ததை லண்டனுக்கு அனுப்பினார்கள். எட்வர்டு ஃபோர்ப்ஸ் அவற்றை ஆராய்ந்து 1846இல் வெளியிட்டார். இந்தியாவையே பார்த்திராத அந்த மனிதர் அம்மோனைட்டுகளுக்கு இந்திரா, வருணா, சூர்யா, பிரம்மா, விஷ்ணு என்று பெயர் சூட்டினார். வேடிக்கைதான். எங்கள் வீட்டுப் பூஜைப் பெட்டியிலும் ஒரு அம்மோனைட் இருந்தது. கண்டகி நதியிலிருந்து வந்த சாளக்கிராமம். அத்தனை தொலைவிலிருந்து விஷ்ணுவை வரவழைத்த எங்களுக்கு, கொள்ளிடத்துக்கு அக்கரையில் அதே சுருள் கிடப்பது தெரியாது.

பெயர் சூட்டியதல்ல எனக்கு முக்கியம். ஃபோர்ப்ஸ் ஒரு பிசகு செய்தார். மூன்று இடங்களில் புதுச்சேரிக் கற்களே மிகப் பழையவை என்று தீர்மானித்தார். நேர்மாறு. அவை இந்த வரிசையின் இளைய பாறைகள், அரியலூர்ப் பாறைகளின் காலத்தவை என்பது பின்னால் தெளிந்தது. எப்படித் தெளிந்தது? எந்தக் கல் எந்தப் பக்கத்தது என்பதை அந்த இரண்டு அதிகாரிகளும் கலக்காமல் வைத்திருந்தார்கள். ஆகவே தவறு கற்களோடு குழம்பிப் போகாமல் தனியே நின்றது. மற்றவர்கள் அதைத் தொட்டுத் திருத்த முடிந்தது. மூன்றையும் ஒரே பெட்டியில் கொட்டியிருந்தால் ஃபோர்ப்ஸ் தவறு செய்திருக்கவும் முடியாது.

அடுத்து வந்த ஹென்றி பிளான்ஃபோர்டு, ஊட்டத்தூர், திருச்சி, அரியலூர் என்று பாறைத் தொகுதிகளுக்கு ஊர்களின் பெயரையே வைத்தார். அந்தப் பெயர்கள் இன்றும் நிற்கின்றன. மொராவியாவில் பிறந்த ஃபெர்டினாண்ட் ஸ்டோலிஸ்கா 1863இலிருந்து 1873 வரை இந்தப் பிராணிகளைப் பெரிய தொகுதிகளாக எழுதி முடித்து, மறு வருஷம் யார்க்கண்ட் பயணத்திலிருந்து திரும்பும் வழியில், 36 வயதில், லடாக்கில் செத்தார். சாத்தனூரில் கிடக்கும் 18 மீட்டர் கல்மரத்தைப் பற்றி 1940இல் எழுதிய எம். எஸ். கிருஷ்ணன் தஞ்சை ஜில்லாக்காரர் என்பதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம் உண்டு.

கல்லக்குடியில் சிமெண்ட் ஆலை வந்து ஊரின் பெயர் டால்மியாபுரம் ஆனபோது 1953இல் தண்டவாளத்தில் படுத்துப் போராடினார்கள். பெயருக்காகப் போராடியது நியாயமே. பெயருக்கு அடியிலிருந்த கடல் சூளைக்குப் போனதைப் பற்றி யாரும் பேசியதாகத் தெரியவில்லை. நானும் பேசத் தகுதியற்றவன். என் வீட்டுச் சுவரில் அந்தச் சிப்பிகள் இருக்கின்றன.

கல்லமேட்டுக் கதை வேறு மாதிரி. அங்கே அகப்பட்ட ராட்சத எலும்புகளை 1987இல் யாதகிரியும் அய்யாசாமியும் ப்ருஹத்காயசாரஸ் என்ற பெயரில் விவரித்தார்கள். எலும்புகள் பொடிந்து போயின. கையில் எதுவும் இல்லை. ஊர்ப்பெயர், அளவுகள், சில படங்கள் மட்டும். இருந்தும் 2022இல்கூட அதைப் பற்றி எழுதினார்கள். கல் போய்ச் சீட்டு மிஞ்சினால் சர்ச்சையாவது தொடர்கிறது.

என்னுடையது இதற்குத் தலைகீழ். அரியலூருக்கு மாற்றலான புதிதில், ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளில் போய்ப் பொறுக்கி, மைசூர்பாகு டப்பாவில் போட்டு வைத்தேன். அழகானது, முழுசானது என்று தேர்ந்தேனே தவிர ஒரு துண்டுக் காகிதத்தில் ஊரை எழுதத் தோன்றவில்லை. நினைவிருக்கும் என்ற திமிர். இரண்டு வருஷம் கழித்துத் திறந்தால் காரையும் கல்லங்குறிச்சியும் ஒரே தூசியாக இருந்தன. போன மாதம் நாற்பத்தேழு கற்களையும் தரையில் பரப்பி, நிச்சயமாகத் தெரிந்தவற்றுக்கு மட்டும், வங்கியின் பழைய சலான்களின் பின்பக்கத்தில், ஊரும் ஓடையும் தேதியும் எழுதினேன். பதினொன்று தேறின. மற்றவற்றில் ஒன்றை நண்பர் தம் ட்ரைலோபைட்டுக்குத் துணையாக எடுத்துப் போனார். எந்த ஊர் என்று அவர் கேட்கவில்லை. மிச்சம் முப்பத்தைந்தும் இப்போது இந்த இதழின் புரூஃப் தாள்கள் மேல், மின்விசிறிக் காற்றுக்குப் பறக்காமல் உட்கார்ந்திருக்கின்றன.