அசையும் எழுத்தும்

கிளிநொச்சிப் புகையிரத நிலையத்தின் பெயர்ப்பலகை ஊரின் பெயரை மும்மொழிகளிலும் காட்டுகிறது. 1990ஆம் ஆண்டில் போரினால் தடைப்பட்ட புகையிரதம் 2013ஆம் ஆண்டில் அவ்வூருக்கு மீண்டும் வந்தது. பலகையை எழுத்துக்கூட்டும் வன்னிச் சிறுவன், தமிழ்ப் பெயரின் ஐந்தெழுத்தையும் ஒரே மூச்சில் படிக்கிறான். ஆங்கிலப் பெயரின் பதினோரெழுத்துக்கிடையே தடுமாறுகிறான். காரணம் யாது?

தமிழில் உயிர்மெய்யெழுத்து ஒவ்வொன்றும் தன் உயிரொலியைத் தன்னுள்ளே கொண்டுள்ளது. ஆங்கிலத்திலோ மெய்யும் உயிரும் தனித்தனி நிற்கின்றன. அவற்றைச் சேர்த்தொலிப்பது படிப்பவன் பொறுப்பு.

சொல்லை அசையாகப் பிரிப்பது தமிழருக்குப் புதிதன்று. நேரசை, நிரையசை என்னும் பாகுபாட்டைத் தொல்காப்பியச் செய்யுளியல் வகுத்துரைக்கிறது. ஆயினும் அது செய்யுளின் ஓசைக்கு அமைந்த கணக்கு. அதன்படி ‘கிளி’ நிரை, ‘நொச்’, ‘சி’ இரண்டும் நேர், ஆக மூன்றசை. ‘வவுனியா’ ஈரசையே. உயிரொலிக்கு ஓரசை என எண்ணும் ஆங்கில முறையிலோ இவ்விரு பெயர்களும் நந்நான்கு அசை பெறும்.

ஆங்கிலேயருக்கும் இப்பிரிப்பு எளிதில் வாய்க்கவில்லை. 1740இல் தோமஸ் டில்வர்த் வெளியிட்ட எழுத்துக்கூட்டற் பாடநூல் நெடுங்காலம் வழங்கியது. 1783இல் அமெரிக்க ஆசிரியர் நோவா வெப்ஸ்டர் பழைய பிரிப்பு முறையைக் குறைகூறித் தம் நூலை வெளியிட்டார். ‘பிஷப்’ என்னும் சொல்லில் முதலிரண்டு எழுத்துக்களை ஓரசையாகப் பிரிப்பது பழைய வழக்கம். அவ்வாறு பிரித்தால் பிள்ளை ‘பை’ என நீட்டிவிடும். முதல் நான்கெழுத்தையும் சேர்த்து ‘பிஷ்’ என நிறுத்தினால் உயிர் குறுகியே ஒலிக்கும். பிரிப்புக்குச் செவியே நீதிபதி என்பது வெப்ஸ்டர் கண்ட உண்மை.

வட இலங்கையில் அமெரிக்க மிஷன் 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரியை நிறுவி ஆங்கில உயர்கல்வியைத் தொடங்கியது. ஆயினும் அக்கல்வி நெடுங்காலம் சிலருக்கே கிட்டியது. 1945இன் இலவசக் கல்வித் திட்டத்தின் பின்னரே ஏழை வீட்டுப் பிள்ளைக்கும் உயர்கல்வியின் வாயில் அகலத் திறந்தது. அவ்வாயிலை அடைந்த பிள்ளை, ஒலியறியாது எழுத்தை மட்டும் உருப்போட்டதால் பின்தங்குமாயின், திறந்த கதவினால் பயன் என்ன?

மருந்து அருகிலேயே உள்ளது. கிளிநொச்சியின் பதினோரெழுத்தை இரண்டு, இரண்டு, நான்கு, மூன்று எனப் பிரித்து, ‘கி–ளி–நொச்–சி’ எனக் கைதட்டிச் சொன்னால் பெயர் நாவிலும் நெஞ்சிலும் பதியும். சொந்த ஊரின் பெயரை இவ்வாறு பிரிக்கக் கற்ற பிள்ளை, நெடிய ஆங்கிலச் சொல்லைக் கண்டும் அஞ்சாது.