ஃபிரீசிவ்

ஃபிரீசிவ் என்பது கணினியில் சுற்றுமுறையில் ஆடப்படும் ஒரு நாகரிக வளர்ப்பு விளையாட்டு ஆகும். இது குனூ பொது உரிமத்தின் கீழ் வெளியிடப்படும் கட்டற்ற மென்பொருள். இதன் மூலநிரலை எவரும் இலவசமாகப் பெறலாம், மாற்றலாம், மறுபடி வெளியிடலாம். லினக்சு, விண்டோசு உள்ளிட்ட பல இயங்குதளங்களில் இது இயங்குகிறது. கி.மு. 4000-இல் ஒரு சில குடியேறிகளுடன் தொடங்கும் ஆட்டக்காரர், நகரங்களை நிறுவி, நிலத்தைத் திருத்தி, அறிவியலை வளர்த்து, அண்டை நாடுகளுடன் உறவாடியோ போரிட்டோ விண்வெளிக் காலம் வரை தன் மக்களை இட்டுச் செல்ல வேண்டும். எதிரிகள் அனைவரையும் வெல்லுதல், முதலில் விண்கலம் அனுப்பி அதை ஆல்ஃபா சென்டாரியில் சேர்த்தல் ஆகிய இரண்டும் வெற்றிக்கான முதன்மை வழிகள்.

இவ்விரண்டு வழிகளும் ஒன்றுக்கொன்று மாற்று என்று புதிய ஆட்டக்காரர்கள் கருதுவதுண்டு. உண்மையில் படையெடுப்பின் முடிவைப் பெரும்பாலும் ஆராய்ச்சியே முன்கூட்டித் தீர்மானிக்கிறது. ஆராய்ச்சியின் பலனைக் காப்பது படையே. இக்கட்டுரை விளையாட்டின் வரலாற்றையும், இவ்விரண்டுக்கும் இடையிலான தொடர்பையும் விளக்குகிறது. கீழே தரப்படும் எண்கள் இவ்விளையாட்டின் கிளாசிக் என்னும் விதித்தொகுப்பைச் சார்ந்தவை.

வரலாறு

சிட் மையர், புரூசு செல்லி ஆகியோர் வடிவமைத்த சிவிலைசேசன் என்னும் விளையாட்டை மைக்ரோபுரோசு நிறுவனம் 1991-இல் வெளியிட்டது. அதன் இரண்டாம் பதிப்பு 1996-இல் வந்தது. முதல் பதிப்பு ஒருவர் தனியே கணினிக்கு எதிராக ஆடுவதற்கே ஏற்றதாக இருந்தது. இதைப் பலர் வலையமைப்பின் வழியே சேர்ந்து ஆட வேண்டும் என்னும் நோக்கத்துடன் டென்மார்க்கின் ஆர்கூசு பல்கலைக்கழக மாணவர்களான பீட்டர் உனோல்ட், கிளாவுசு லெத் கிரெகர்சன், ஆலன் ஓவே கியெல்ட்பியர்க் ஆகிய மூவர் 1995-இல் ஃபிரீசிவ்வை எழுதத் தொடங்கினர். 1996 ஜனவரி மாதத்தில் முதல் பதிப்பு வெளியானது.

பின்னர் பல நாடுகளைச் சேர்ந்த தன்னார்வலர்கள் இத்திட்டத்தைத் தொடர்ந்து வளர்த்தனர். 2.0 பதிப்பு 2005-இலும், 3.0 பதிப்பு 2022-இலும் வெளிவந்தன. நிரல் சி மொழியில் எழுதப்பட்டுள்ளது. ஆட்டத்தின் கணக்குகள் அனைத்தையும் வழங்கி நிரல் செய்கிறது. ஆட்டக்காரரின் கணினியில் உள்ள பயனர் நிரல் வரைபடத்தைக் காட்டி, கட்டளைகளை வழங்கிக்கு அனுப்புகிறது. படைகளின் வலிமை, கண்டுபிடிப்புகளின் வரிசை, கட்டடங்களின் பயன் போன்றவை விதித்தொகுப்பு எனப்படும் உரைக்கோப்புகளில் தனியே வைக்கப்பட்டுள்ளன. ஆகவே நிரலாக்கம் அறியாதவரும் உரைத்தொகுப்பி ஒன்றின் உதவியால் விதிகளை மாற்றிப் புதிய ஆட்டம் ஒன்றை உருவாக்க இயலும்.

ஆட்ட முறை

ஒவ்வொரு நகரமும் தன்னைச் சூழ்ந்துள்ள 21 கட்டங்கள் வரை பயன்படுத்தலாம். ஒவ்வொரு கட்டமும் உணவு, உற்பத்தி, வணிகம் ஆகிய மூன்றில் சிலவற்றைத் தரும். புல்வெளி 2 உணவும், சமவெளி 1 உணவும் 1 உற்பத்தியும், கடல் 1 உணவும் 2 வணிகமும் தருகின்றன. பாலை நிலம் 1 உற்பத்தி மட்டுமே தரும்.

நீர்ப்பாசனம் செய்த கட்டம் கூடுதல் உணவு தரும். ஆனால் ஆறு, ஏரி, கடல் ஆகியவற்றை ஒட்டியோ, ஏற்கனவே பாசனம் பெற்ற கட்டத்தை ஒட்டியோ இருந்தால் மட்டுமே புதிய கட்டத்துக்குப் பாசனம் செய்ய முடியும். அருப்புக்கோட்டை, திருச்சுழி, பந்தல்குடி போன்ற மானாவாரிப் பகுதியினருக்கு இது எளிதில் விளங்கும். ஒரு கண்மாயின் மறுகால் நீர் அடுத்த கண்மாய்க்குச் செல்வது போல, இங்கும் நீர் கட்டம் கட்டமாகவே உள்நாட்டுக்குச் செல்கிறது. எனவே முதல் நகரை ஆற்றங்கரையில் அமைப்பதே பொதுவான வழக்கம்.

நகரம் ஈட்டும் வணிகம் வரி, இன்பப் பொருள், அறிவியல் என மூன்றாகப் பிரிக்கப்படுகிறது. எதற்கு எவ்வளவு என்பதை ஆட்டக்காரர் விழுக்காட்டில் நிர்ணயிக்கிறார். ஒன்றுக்கு ஒதுக்கக்கூடிய உச்ச அளவு அரசு முறையைப் பொறுத்தது:

* கொடுங்கோலாட்சி – 60 விழுக்காடு
* முடியாட்சி – 70 விழுக்காடு
* பொதுவுடைமை – 80 விழுக்காடு
* குடியரசு – 80 விழுக்காடு
* மக்களாட்சி – 90 விழுக்காடு

ஆராய்ச்சி

கிளாசிக் விதித்தொகுப்பில் 87 கண்டுபிடிப்புகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் அதற்கு முந்தைய கண்டுபிடிப்புகள் தேவை. எடுத்துக்காட்டாக, எழுத்துகளும் கட்டுமானக் கலையும் அறிந்தவரே கணிதத்தை ஆராய முடியும். கணிதம் அறிந்தவரே கவண்பொறி செய்ய முடியும். இக்கிளைகள் அனைத்தும் சேர்ந்தது தொழில்நுட்ப மரம் எனப்படுகிறது. ஆட்டம் செல்லச் செல்ல ஒரு கண்டுபிடிப்புக்குத் தேவையான அறிவுப்புள்ளிகள் பெருகிக்கொண்டே போகும். இதனால் ஆராய்ச்சி வருமானத்தை உயர்த்தாத நாடு நின்ற இடத்திலேயே நின்றுவிடும்.

ஆராய்ச்சியை விரைவுபடுத்தப் பொதுவாகப் பின்பற்றப்படும் வழிகள்:

* நகரங்களின் எண்ணிக்கையைத் தொடக்கத்திலேயே பெருக்குதல். நெருக்கமாகப் பல சிறு நகரங்களை நிறுவும் உத்தியை ஆட்டக்காரர்கள் பெரியம்மை என்று வேடிக்கையாக அழைப்பர். இதற்கு எதிர்விளைவாக, நகரங்கள் பெருகும்போது மக்களின் அதிருப்தியும் கூடுமாறு விதிகள் அமைக்கப்பட்டுள்ளன.
* சாலை அமைத்தல், கடற்கரையில் நகர் நிறுவுதல் ஆகியவற்றின் மூலம் வணிகத்தைப் பெருக்குதல்.
* நூலகம் கட்டுதல். இது ஒரு நகரின் அறிவியல் வருமானத்தை 50 விழுக்காடு உயர்த்தும். ஒரு நகரில் 20 புள்ளிகள் கிடைத்தால் நூலகத்துடன் அது 30 ஆகும்.
* மெய்யியலை மற்றவர்களுக்கு முன்பே கண்டுபிடித்தல். முதலில் அறிபவருக்கு மேலும் ஒரு கண்டுபிடிப்பு இலவசமாகக் கிடைக்கும்.
* தூதரகம் அமைத்து, பிற நாடுகளுடன் அறிவைப் பண்டமாற்றம் செய்தல்.

படையெடுப்பு

ஒவ்வொரு படைக்கும் தாக்கும் வலிமை, காக்கும் வலிமை, உயிர்ப்புள்ளி, சுடுதிறன் ஆகியவை உண்டு. சண்டை பல சிறு மோதல்களாக நிகழ்கிறது. ஒவ்வொரு மோதலிலும் வெல்லும் வாய்ப்பு இரு தரப்பு வலிமைகளின் விகிதத்தைப் பொறுத்தது. தோற்றவர் எதிரியின் சுடுதிறன் அளவுக்கு உயிர்ப்புள்ளிகளை இழப்பார். எவருடைய புள்ளி முதலில் தீர்கிறதோ அப்படை அழியும். முதல் சிவிலைசேசனில் ஒரே ஒரு மோதலில் முடிவு தெரிந்துவிடும். இதனால் ஈட்டி ஏந்திய பழங்காலப் படை போர்க்கப்பலை மூழ்கடிக்கும் விந்தையும் சில சமயம் நேர்ந்தது. உயிர்ப்புள்ளி முறை அதைப் பெரிதும் குறைத்தது.

ஒரு கணக்கு இதை விளக்கும். கவண்பொறியின் தாக்கும் வலிமை 6. ஈட்டி அணியின் காக்கும் வலிமை 2. நகருக்குள் இருக்கும்போது அது ஒன்றரை மடங்காகி 3 ஆகும். இரண்டுக்கும் 10 உயிர்ப்புள்ளிகள். ஒவ்வொரு மோதலிலும் கவண்பொறி வெல்லும் வாய்ப்பு 9-இல் 6 பங்கு, அதாவது ஏறத்தாழ 67 விழுக்காடு. பத்து முறை முந்தி வெல்ல வேண்டும் என்பதால் முழுச் சண்டையிலும் வெல்லும் வாய்ப்பு ஏறத்தாழ 93 விழுக்காடாக உயர்கிறது.

அந்நகரைச் சுற்றி மதில் இருந்தால் காக்கும் வலிமை இரட்டித்து 6 ஆகும். இப்போது வாய்ப்பு சரிபாதி. அத்துடன் கவண்பொறி செய்ய 40 உற்பத்திப் புள்ளிகளும், ஈட்டி அணிக்கு 20 புள்ளிகளும் தேவை. தாக்குபவருக்குத் தற்காப்பவரைப் போல இருமடங்கு செலவாகிறது என்பது கவனிக்கத்தக்கது.

அடுத்து, எதிரி வெடிமருந்தைக் கண்டுபிடித்துவிட்டதாகக் கொள்வோம். துப்பாக்கி வீரரின் காக்கும் வலிமை 3, உயிர்ப்புள்ளி 20. மதிலுக்குள் அவ்வலிமை 9 ஆகிறது. இப்போது கவண்பொறி வெல்லும் வாய்ப்பு ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. தாக்குபவரின் படையில் எந்த மாற்றமும் நிகழவில்லை. எதிரியின் ஆராய்ச்சி மட்டுமே ஓரடி முன்னேறியது.

தமிழகத்தின் ஆடுபுலி ஆட்டத்தில் மூன்று புலிகளும் பதினைந்து ஆடுகளும் தொடக்கம் முதல் இறுதி வரை அதே வலிமையுடன் இருக்கின்றன. இடத்தைச் சரியாகப் பிடிப்பதே அங்கு உத்தி. ஃபிரீசிவ்வில் காய்களின் வலிமையே காலத்தோடு மாறுகிறது. ஆகவே எங்கே தாக்குவது என்பதைப் போலவே எப்போது தாக்குவது என்பதும் முக்கியமாகிறது.

இரண்டையும் இணைத்தல்

மேற்கண்ட கணக்கிலிருந்து கிடைக்கும் பாடம் இது: ஒரு புதிய தாக்குபடையைக் கண்டுபிடித்த நாளுக்கும், அதைத் தடுக்கும் படையை எதிரி கண்டுபிடிக்கும் நாளுக்கும் இடைப்பட்ட காலமே படையெடுப்புக்கு உரிய காலம். தேர்ந்த ஆட்டக்காரர் கண்டுபிடிப்பு முடியும் முன்பே சாலைகளையும் கப்பல்களையும் உற்பத்தியையும் ஆயத்தமாக வைத்திருப்பார். கண்டுபிடித்த பிறகு ஆயத்தம் செய்யத் தொடங்குபவருக்கு அக்காலத்தின் பெரும்பகுதி வீணாகிவிடும்.

அரசு முறையும் இதில் பங்கு வகிக்கிறது. குடியரசும் மக்களாட்சியும் வணிகத்தைப் பெருக்குவதால் ஆராய்ச்சிக்கு ஏற்றவை. ஆனால் வெளியே போரிடும் ஒவ்வொரு படைக்கும் குடியரசில் ஒருவரும், மக்களாட்சியில் இருவரும் அதிருப்தி அடைவர். முடியாட்சியிலும் பொதுவுடைமையிலும் இத்தொல்லை இல்லை. நகரில் நிறுத்திய படைகள் அமைதியையும் நிலைநாட்டும். ஓர் அரசு முறையிலிருந்து மற்றொன்றுக்கு மாற இடையே அரசின்மைக் காலத்தைக் கடக்க வேண்டும் என்பதால், அடிக்கடி மாறுவது இழப்பையே தரும்.

எதிரி அறிந்து தான் அறியாத கண்டுபிடிப்பு இருந்தால், அவருடைய நகரைக் கைப்பற்றும்போது அவற்றுள் ஒன்று கிடைக்கக்கூடும். ஆராய்ச்சியில் பின்தங்கிய நாட்டுக்கு இது ஒரு குறுக்குவழி. எனினும் கைப்பற்றும்போது நகரின் மக்கள்தொகை குறையும். அளவு 1 உள்ள நகர் முற்றிலும் அழிந்துவிடும்.

ஆராய்ச்சி வழியே செல்பவரும் படையைக் கைவிட முடியாது. விண்கலம் செல்லும் வழியில் தலைநகர் எதிரியின் கைக்குப் போனால் விண்கலமும் இழக்கப்படும். கடைசி நேரத்தில் ஒரே ஒரு நகரைக் காக்கத் தவறியதால், முன்னணியில் இருந்த நாடு வெற்றியை இழக்க நேரிடலாம்.

வரலாற்றோடு ஒப்பீடு

தொழில்நுட்பத்தில் முந்தியவர் வெல்வார் என்னும் இவ்விளையாட்டின் அடிப்படை, உண்மை வரலாற்றை முழுமையாக விளக்காது. பந்தல்குடிக்குத் தெற்கே, இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ள பாஞ்சாலங்குறிச்சி இதற்குச் சான்று. 1799 செப்டம்பரில் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை கட்டபொம்மனின் மண்கோட்டையைத் தாக்கியபோது முதல் தாக்குதல் முறியடிக்கப்பட்டது. அவ்வாண்டு அக்டோபர் 16 அன்று கட்டபொம்மன் கயத்தாறில் தூக்கிலிடப்பட்டார். 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிய ஊமைத்துரையும் அவரைச் சார்ந்தோரும் இடிக்கப்பட்ட கோட்டையைச் சில நாட்களிலேயே மீண்டும் எழுப்பினர். மார்ச் மாத இறுதியில் கம்பெனிப் படை மறுபடியும் தோற்றுத் திரும்பியது. கூடுதல் படையும் பெரிய பீரங்கிகளும் வந்த பின்னரே, மே 24 அன்று கோட்டை வீழ்ந்தது.

விளையாட்டின் சொற்களில் கூறினால், மதிலின் பயனும் பீரங்கியின் பயனும் இங்கே தெரிகின்றன. ஆனால் இடிந்த கோட்டையைச் சில நாட்களில் எழுப்பிய மக்களின் உறுதிக்கு விதித்தொகுப்பில் எண் எதுவும் இல்லை. அதுபோலவே, எல்லா நாகரிகங்களும் ஒரே மரத்தின் கிளைகளில் ஒரே வரிசையில் ஏறுவதாகக் காட்டுவதும், வெற்றி கொள்ளப்பட்டவர்களின் துன்பத்தை வெறும் எண்ணாகக் காட்டுவதும் இவ்வகை விளையாட்டுகள் மீதான விமர்சனங்கள் ஆகும்.

மூல விளையாட்டில் இந்தியா

ஃபிரீசிவ்வுக்கு முன்மாதிரியான சிவிலைசேசனில் இந்தியாவின் தலைவராகக் காந்தி இடம்பெற்றார். அவரது போர்க்குணம் 1 என்று குறிக்கப்பட்டிருந்ததாகவும், மக்களாட்சிக்கு மாறும்போது அதிலிருந்து 2 கழிக்கப்பட, குறையெண்ணைக் கொள்ள முடியாத எட்டு பிட் மாறியில் அது 255 ஆகிவிட்டதாகவும், அதனால் காந்தி அணுகுண்டு வீசத் தொடங்கியதாகவும் ஒரு கதை இணையத்தில் பரவியது. நிரலாளர்களுக்கு நம்பத்தக்கதாகத் தோன்றினாலும் இது உண்மையன்று. 2020-இல் வெளிவந்த தன் நினைவுக்குறிப்பு நூலில் சிட் மையர் இதை மறுத்தார். 2010-இல் வெளியான ஐந்தாம் பதிப்பில்தான், வேடிக்கையாகக் காந்தியின் அணு ஆயுத விருப்பம் வேண்டுமென்றே மிக உயர்த்தி வைக்கப்பட்டது.

2025 பிப்ரவரியில் வெளியான ஏழாம் பதிப்பில் சோழர்கள் தனி நாகரிகமாகச் சேர்க்கப்பட்டுள்ளனர். தஞ்சைப் பெருவுடையார் கோயிலும் அதில் அதிசயங்களுள் ஒன்றாக இடம்பெற்றுள்ளது.

இவற்றையும் பார்க்க

* கட்டற்ற மென்பொருள்
* ஆடுபுலி ஆட்டம்
* பாளையக்காரர் போர்கள்

பகுப்புகள்: கணினி விளையாட்டுகள், கட்டற்ற மென்பொருட்கள்