கோலாலம்பூர் – திருச்சி: 4 மணி நேரப் பயணமும் கணக்கும்

கோலாலம்பூர் – சிப்பாங்கில் உள்ள கேஎல்ஐஏ விமான நிலையத்திற்கும் திருச்சி விமான நிலையத்திற்கும் இடையிலான வான்வழித் தூரம் சுமார் 2,690 கிலோமீட்டர். சென்னைக்குச் சுமார் 2,630 கிலோமீட்டர். நேரடி விமானத்தில் இரண்டு ஊர்களுக்கும் ஏறக்குறைய 4 மணி நேரம் ஆகும்.

பலர் தடுமாறுவது நேரக் கணக்கில்தான். இந்திய நேரம் நம் நேரத்தைவிட இரண்டரை மணி நேரம் பின்தங்கியது. இங்கு காலை 8.00 மணிக்குப் புறப்பட்டால் திருச்சியில் இறங்கும்போது அங்கு காலை 9.30. அங்கு காலை 10.00 மணிக்கு ஏறினால் இங்கு வந்து சேர மாலை 4.30 ஆகிவிடும். பயணச்சீட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம்.

உறவினரின் இறுதிச் சடங்குக்கு விரைவோர் 4 மணி நேரத்தை மட்டும் நம்பக் கூடாது. பிரிக்பீல்ட்ஸ் கேஎல் சென்ட்ரலிலிருந்து விரைவு ரயிலில் முதல் முனையத்திற்கு 28 நிமிடம், இரண்டாம் முனையத்திற்கு 33 நிமிடம். கிள்ளானிலிருந்து காரில் சுமார் 1 மணி நேரம். விமான நிலையத்தில் 3 மணி நேரம், இறங்கியபின் குடிநுழைவுச் சோதனைக்கு 1 மணி நேரம் என்று வைத்தால் மொத்தம் 9 மணி நேரம். விசாவை முன்கூட்டியே எடுத்திருக்க வேண்டும்.

தஞ்சாவூர், புதுக்கோட்டை பக்கம் செல்வோருக்குத் திருச்சியே அருகில். கட்டணம் குறைவென்று சென்னையில் இறங்கினால், அங்கிருந்து திருச்சிக்கே சாலை வழி சுமார் 330 கிலோமீட்டர். மேலும் 5 அல்லது 6 மணி நேரம்.

‘ரஜுலா’ கப்பல் காலத்தில், இன்றைய கிள்ளான் துறைமுகமான போர்ட் சுவெட்டன்ஹாமிலிருந்து நாகப்பட்டினம் போய்ச் சேரச் சுமார் ஒரு வாரம் பிடித்தது. தந்தி கிடைத்துப் புறப்பட்டாலும் அதற்குள் அடக்கம் முடிந்துவிடும். இன்று முகம் பார்க்க முடிகிறது; கணக்கு மட்டும் தவறக் கூடாது.