முதல் இங்க் பேனா வாங்கப் போறீங்களா? எந்த நிப் உங்களுக்கு செட் ஆகும்?

ஆசை ஆசையாக இங்க் பேனா வாங்கி, ரெண்டே நாளில் டிராயருக்குள் தூக்கிப் போடுபவர்கள் உண்டு. எழுத்து மொத்தையாக விழுகிறது, தாளின் மறுபக்கம் மை ஊறுகிறது என்பார்கள். பல நேரம் பேனா நல்ல பேனாதான். நிப் அளவுதான் ஒத்துவரவில்லை. சரியான நிப்பை எப்படித் தேர்வு செய்வது? பார்க்கலாம்.

நிப் மேல இருக்கும் எழுத்து என்ன சொல்லுது?

‘இ.எஃப்’ என்றால் எக்ஸ்ட்ரா ஃபைன், ‘எஃப்’ ஃபைன், ‘எம்’ மீடியம், ‘பி’ பிராட். மெல்லிய கோட்டில் தொடங்கி தடித்த கோடு வரை இதுதான் வரிசை. ஆனால் எல்லா கம்பெனிக்கும் பொதுவான அளவு கிடையாது. பைலட், செய்லர், பிளாட்டினம் போன்ற ஜப்பான் பேனாக்களின் நிப், லாமி, பெலிக்கன் போன்ற ஜெர்மன் பேனாக்களைவிட பொதுவாக ஒரு படி மெல்லிசா எழுதும். ஜப்பான் மீடியமும் ஜெர்மன் ஃபைனும் கிட்டத்தட்ட ஒன்று எனலாம்.

0.5 ஜெல் பேனா பழக்கமா?

ஜெல் பேனாவில் போட்டிருக்கும் 0.5 என்பது முனையில் உள்ள குண்டின் விட்டம். தாளில் விழும் கோடு அதைவிட மெல்லியது. அதனால் அதில் எழுதிப் பழகியவர்களுக்கு ஜெர்மன் ஃபைன்கூட கொஞ்சம் தடிமனாகத் தெரியும்.

தமிழ் எழுதுறவங்க இதை கவனிங்க

ரெண்டு சுழி ‘ன’, மூணு சுழி ‘ண’ இரண்டுக்கும் சுழிதான் வித்தியாசம். பொடி எழுத்துக்காரர் பிராட் நிப்பில் எழுதினால் சுழி மையில் அடைபட்டுவிடும். பரீட்சைத் தாளில் ‘ண’ எது, ‘ன’ எது என்று திருத்துபவர் தடுமாறலாம்.

தாளும் முக்கியம்

மட்டமான நோட்டுத் தாள் மையை உறிஞ்சிப் பரப்பும். அதில் ஃபைன் நிப்கூட மீடியம் மாதிரி எழுதும். இடது கையில் எழுதுபவர்களுக்கும் மெல்லிய நிப்தான் வசதி. மை குறைவாக இறங்குவதால் சீக்கிரம் காயும், கை பட்டுக் கலையாது.

அப்போ எதை வாங்கலாம்?

* பொடி எழுத்து, சாதா நோட்டு: ஜப்பான் ஃபைன்
* நடுத்தர எழுத்து, தினசரி உபயோகம்: ஜெர்மன் ஃபைன் அல்லது ஜப்பான் மீடியம்
* பெரிய எழுத்து, கையெழுத்துப் போட, வாழ்த்து அட்டை எழுத: ஜெர்மன் மீடியம் அல்லது பிராட்

எக்ஸ்ட்ரா ஃபைன் ரொம்ப மெல்லிசா இருக்குமே என்று முதலிலேயே அதை எடுக்க வேண்டாம். பால் பேனா மாதிரி அழுத்தி எழுதும் கை என்றால் தாளைக் கீறும். இங்க் பேனாவை அழுத்தவே தேவையில்லை. அழுத்தினால் நிப் விரிந்து கெட்டுப்போகும்.

கடைக்குப் போகும்போது நீங்கள் வழக்கமாக எழுதும் நோட்டையே எடுத்துட்டுப் போங்க. மையில் தொட்டு எழுதிப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். உங்கள் வழக்கமான அளவில் ‘ண’, ‘ஞ’, ‘இ’ எழுதிப் பாருங்கள். சுழி அடையாமல், தாள் கீறாமல் வந்தால் அந்த நிப்பை தாராளமா வாங்கலாம்.